மெக்காவில் ருஸ்தம் கதை (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பெற்ற மகன் என்று தெரியாமலே சொராபைக் குத்திக் கொன்ற பாரசீக வீரன் ருஸ்தமைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் போலிருக்கிறது. சினிமா, அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அரபுகள் பாரசீகத்தைப் பிடித்ததும் அங்கே இருந்த நூல்களையெல்லாம் அழித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அப்படியானால் ருஸ்தம் கதை மட்டும் எப்படித் தப்பியது? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

அந்தச் செய்தி எனக்கும் வந்தது, ஒன்றுக்கு மூன்று பேரிடமிருந்து. அதன் வேரைத் தேடிப்போனால் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனிடம் போய் நிற்கலாம். பாரசீக நூல்களை என்ன செய்வது என்று படைத்தளபதி கேட்க, தண்ணீரில் போட்டுவிடச் சொல்லி கலீஃபா உமர் பதில் அனுப்பினார் என்று அவர் எழுதுகிறார். ஆனால் இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டுக்காரர். அரபுகளுக்கு முன் பாரசீகத்தை ஆண்ட சசானிய வம்சத்தின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து மெர்வ் நகருக்குப் பக்கத்தில் ஒரு மாவரைக்கும் ஆலையில் கொல்லப்பட்டது 651இல். நடுவே ஏறக்குறைய எழுநூறு வருஷம். அவ்வளவு தள்ளி வந்த சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத எனக்குத் தைரியமில்லை.

நூல்கள் காணாமல் போனது உண்மைதான். ஆனால் நெருப்பையும் தண்ணீரையும்விட, படிக்க ஆளில்லாமல் போனதுதான் அவற்றை அதிகம் தின்றது என்பது என் எண்ணம். சசானியர் காலத்துப் பஹ்லவி எழுத்து ஒரு பெரிய தலைவலி. ஒரே எழுத்து இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கும், பல சொற்களை அரமேய மொழியில் எழுதிவிட்டுப் பாரசீகத்தில் வாசிக்க வேண்டும். எழுத்தர்கள் தொழிலாகக் கற்றுவந்த வித்தை அது. அரபுகள் வந்த பிறகும் இராக்கின் வரிக்கணக்கைப் பாரசீகத்தில்தான் எழுதினார்கள், சுமார் 697 வரை. ஆளுநர் ஹஜ்ஜாஜின் காலத்தில் சாலிஹ் என்ற கணக்கர் (அவரும் பாரசீக வழி வந்தவர்தான்) அதை அரபுக்கு மாற்ற முன்வந்தார். "முடியாது என்று சொல்லிவிடு, லட்சம் திர்ஹம் தருகிறோம்" என்று மற்ற எழுத்தர்கள் பேரம் பேசினார்களாம், அவர் மசியவில்லை. பாரசீகத்தின் வேரை நீ அறுத்ததுபோல் இறைவன் உன் வேரை அறுக்கட்டும் என்று பழைய தலைமைக் கணக்கரின் மகன் சாபம் விட்டதாக வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதிவைத்திருக்கிறார். வயிற்றெரிச்சல் இருக்காதா, வேலை போயிற்றே!

ஆனால் பாருங்கள், அதே எழுத்தர் கூட்டம்தான் அரபு கற்றுக்கொண்டு பழைய கதைகளை மூட்டை கட்டி அந்த மொழிக்குத் தூக்கிப்போனது. ஃபார்ஸ் பகுதியில் ரூஸ்பிஹ் என்ற பெயரோடு பிறந்து, பிறகு இப்னுல் முகஃபா என்று பேர் வாங்கியவர், அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 'குதாய் நாமக்' என்ற பஹ்லவி நூலை 8ஆம் நூற்றாண்டில் அரபாக்கினார். இன்று அந்த மூலமும் இல்லை, அவருடைய மொழிபெயர்ப்பும் முழுதாக இல்லை. ஆனால் பின்னால் வந்த அரபு வரலாற்றாசிரியர்களின் பக்கங்களில் அந்தக் கதைகள் குடியிருக்கின்றன. 923இல் இறந்த தபரியின் பெரிய வரலாற்றில் நபிமார்கள் வரிசை ஒரு பக்கமும் பாரசீக அரசர்கள் வரிசை ஒரு பக்கமுமாகச் சேர்ந்தே நடக்கின்றன. அரபு மொழி பாரசீகக் கதையை விழுங்கிவிட்டது என்று புலம்புகிறவர்கள், விழுங்கிய வயிற்றிலிருந்துதான் பாதிக் கதையைத் திரும்ப எடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி கிராமத்தில் இருந்தது. திஹ்கான் என்று ஒரு கூட்டம், நிலபுலன் வைத்திருந்த ஊர்ப் பெரியதனக்காரர்கள். புது ஆட்சிக்கு வரி வசூலித்துக் கொடுத்ததால் அவர்களுடைய நிலம் பிழைத்தது, நிலத்தோடு பரம்பரைப் பெருமையும் பிழைத்தது, பெருமையோடு கதையும். 957இல் தூஸ் நகரை ஆண்ட அபூ மன்சூர் என்பவர், அரசர்களின் கதையைப் பாரசீக உரைநடையில் ஒரே நூலாக்க விரும்பி, ஹெராத், சீஸ்தான், நிஷாபூர், தூஸ் என்று நான்கு ஊர்களிலிருந்து கதை தெரிந்தவர்களை வரவழைத்தார். அந்த நூல் போய்விட்டது, முன்னுரை மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. அதில் வந்தவர்களின் பெயர்கள் உண்டு. சீஸ்தானிலிருந்து வந்தவர் ஷாபூரின் மகன் யஸ்தான்தாத். இஸ்லாம் வந்து மூன்று நூற்றாண்டு ஆன பிறகும் ஒரு வீட்டில் அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் அச்சு அசல் பழைய பாரசீகப் பெயர்கள்!

அந்த உரைநடை நூலை வைத்துக்கொண்டுதான் தூஸ் பக்கத்தைச் சேர்ந்த ஃபிர்தௌசி, அரசர்களின் கதையைச் சொல்லும் பெருங்காப்பியமான தம் 'ஷா நாமா'வைப் பாடினார். அவரும் திஹ்கான் வீட்டுப் பிள்ளை. சுமார் 50,000 ஈரடிகள், முடித்தது 1010இல். அவருக்கு முன்னால் தகீகி என்ற கவிஞர் இதே வேலையைத் தொடங்கி ஆயிரம் ஈரடி எழுதியதும் தம் அடிமை கையாலேயே செத்துப்போனார். அந்த ஆயிரத்தையும் ஃபிர்தௌசி தம் நூலுக்குள் அப்படியே வைத்துக்கொண்டு, முடிந்த இடத்தில் "இதெல்லாம் சுமாரான பாட்டு" என்கிற மாதிரி ஒரு குத்தும் குத்துகிறார். கவிஞர்கள் எந்த ஊரிலும் கவிஞர்கள்தான்.

கேள்வி: நபிகள் நாயகம் காலத்திலேயே மெக்காவில் ருஸ்தம் கதை சொன்னார்கள் என்று ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டேன். நிஜமா? (காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

இப்னு ஹிஷாம் எழுதிய நபி வரலாற்றில் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் குலமான மெக்காவின் குறைஷிகளில் நள்ர் இப்னுல் ஹாரிஸ் என்று ஒருவர். ஹீரா நகருக்குப் போய்வந்தவர். ஹீரா இன்றைய இராக்கில் கூஃபாவுக்குப் பக்கத்தில், சசானியருக்கு அடங்கிய அரபு மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர். அங்கே பாரசீக அரசர்களின் கதைகளையும் ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளையும் கற்றுக்கொண்டு வந்தார். நபிகள் நாயகம் ஒரு கூட்டத்தில் இறைவனைப் பற்றிப் பேசி, முன்பு அழிந்த சமூகங்களைச் சொல்லி எச்சரித்துவிட்டு எழுந்து போனால், இவர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். என்னிடம் இதைவிட நல்ல கதை இருக்கிறது, வாருங்கள் என்பார். குர்ஆனின் லுக்மான் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் வீண் பேச்சை விலைக்கு வாங்குகிறவரைப் பற்றி வருகிறது இல்லையா, அது இவரைப் பற்றியதுதான் என்று சொல்லும் விரிவுரையாளர்கள் உண்டு. நள்ர் பத்ர் போரில் முஸ்லிம்களிடம் பிடிபட்டு 624இல் கொல்லப்பட்டார்.

ஆளின் நோக்கம் கிடக்கட்டும், இதில் எனக்கு வேறொரு விஷயம் முக்கியம். ஃபிர்தௌசி பேனாவை எடுப்பதற்கு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பாரசீகத்துக்கு வெளியே, வேறு மொழி பேசும் ஓர் ஊரில், ஒரு கூட்டத்தைக் கலைத்துத் தன் பக்கம் இழுக்கும் அளவுக்கு இந்தக் கதைக்கு மவுசு இருந்திருக்கிறது. ருஸ்தம் கதையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று, அதைக் கண்டிக்க எழுதிய இடத்தில் கிடைக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் இந்தக் கதைகளை எப்படிச் சொன்னார்கள்? பாட்டா, பேச்சா? டீக்கடையில் ஒருவர் கோலை வைத்துக்கொண்டு ஓவியத்தைக் காட்டிக் கதை சொல்கிற ஈரானிய வீடியோ பார்த்தேன், அந்த மாதிரியா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் பார்த்தது நக்காலி. யுனெஸ்கோ 2011இல் அவசரமாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அழகான கலைதான், ஆனால் அந்தக் காப்பிக்கடை மேடை பின்னாளில் ஈரானை ஆண்ட சஃபாவிய மன்னர்கள் காலத்தில் வந்தது, நாம் பேசுகிற காலத்துக்கு ஏழெட்டு நூற்றாண்டு பிந்தியது.

இஸ்லாமுக்கு முன்னால் கோசான் என்று பாடகர்கள் இருந்தார்கள். யாழ் போன்ற நரம்புக் கருவியோடு அரசன் முன்னாலும் பாடுவார்கள், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பாடுவார்கள். சசானிய மன்னன் இரண்டாம் குஸ்ரோவின் அரசவைப் பாடகர் பார்பத் பற்றி ஒரு கதை உண்டு. அரசனின் செல்லக் குதிரை ஷப்தீஸ் செத்துப்போயிற்று. குதிரை செத்தது என்று வந்து சொல்கிறவன் தலை போகும் என்று அரசன் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறான். லாயக்காரன் பார்பத்திடம் ஓடினான். ஷப்தீஸ் ஓடவில்லை, மேயவில்லை, தூங்கவில்லை என்று பார்பத் பாட, "அப்படியென்றால் செத்துவிட்டதா?" என்று அரசனே கேட்டுவிட்டான். "அரசரே சொல்லிவிட்டீர்கள்" என்றாராம் பார்பத். இந்தப் பாட்டுகள் எழுத்தில் நிற்கவில்லை. அரபு யாப்பின் கணக்குக்குள் வராததால் பின்னால் வந்தவர்கள் இதைக் கவிதை என்றே மதிக்கவில்லை.

இஸ்லாம் வந்த பிறகு பள்ளிவாசலில் காஸ் எனப்படும் கதை சொல்லிகள் உட்கார்ந்தார்கள். நபிமார் வரலாறு, மறுமை, நீதி என்று கலந்து பேசுவார்கள். பஸ்ராவைச் சேர்ந்த அல் ஜாஹிஸ் (868 வாக்கில் இறந்தவர், அவரைப்போல் ஆளைக் கண்முன் நிறுத்துகிறவர்கள் குறைவு) மூசா அல் உஸ்வாரி என்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். மூசா உட்கார்ந்தால் வலப்பக்கம் அரபுகள், இடப்பக்கம் பாரசீகர்கள். குர்ஆன் வசனம் ஒன்றை ஓதுவார், வலப்பக்கம் திரும்பி அரபில் விளக்குவார், அப்புறம் இடப்பக்கம் திரும்பிப் பாரசீகத்தில் விளக்குவார். எந்த மொழியில் இவர் கெட்டிக்காரர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார் ஜாஹிஸ். இரண்டு மொழி ஒரே வாயில் கூடினால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும், இவர் ஒருவர்தான் விதிவிலக்கு என்பது அவர் கட்சி. மூசா சொன்னது மார்க்கம், ருஸ்தம் கதை இல்லை. ஆனால் அந்தக் கழுத்து வலமும் இடமுமாகத் திரும்புகிறதே, அந்தக் காலத்தை அதைவிட நன்றாகக் காட்டுகிற படம் எனக்குக் கிடைக்கவில்லை.

இழவுப் பாட்டும் விட்டுப்போகவில்லை. புகாரா நகரத்து மக்கள் சியாவுஷ் என்ற அநியாயமாகக் கொல்லப்பட்ட இளவரசனுக்காக ஒப்பாரி பாடுவார்கள் என்று அந்த ஊர் வரலாற்றை எழுதிய நர்ஷகி 943 வாக்கில் எழுதுகிறார். அப்போது புகாராவை ஆண்டவர்கள் முஸ்லிம் அரசர்கள்.

கேள்வி: நம் பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாகத்தான் உலகமெல்லாம் போனது என்கிறார்களே? (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

ஆமாம், ஆனால் போன வழியில் உடம்பு கொஞ்சம் மாறிவிட்டது. முதலாம் குஸ்ரோ (531 முதல் 579 வரை ஆண்டவர், அனுஷிர்வான் என்பார்கள்) காலத்தில் புர்சோய் என்ற வைத்தியர் இந்தியாவுக்கு வந்தார். செத்தவரைப் பிழைக்கவைக்கும் மூலிகை இங்கே ஒரு மலையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தாராம். தேடித் தேடிக் களைத்த பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: மலை என்றால் அறிவாளிகள், மூலிகை என்றால் அவர்கள் சொல், செத்தவர்கள் என்றால் படிக்காதவர்கள், நீ தேடுவது ஒரு புத்தகம். புர்சோய் அதைப் பஹ்லவியில் எழுதி எடுத்துப்போனார். மூலிகைக் கதையை நான் அப்படியே நம்பவில்லை, மொழிபெயர்ப்பு நடந்தது நிச்சயம்.

சுமார் இருநூறு வருஷம் கழித்து, மேலே சொன்ன இப்னுல் முகஃபா அதை அரபாக்கினார். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள் கலீலா, திம்னா ஆயின, நூலுக்கும் அதுவே பெயர். நம் கதையில் தமனகன் கோள்மூட்டிச் சிங்கத்தைக் கொண்டு எருதைக் கொல்லவைத்துவிட்டு மந்திரியாகச் சுகமாக இருக்கிறான். அரபு நூலில் அதற்கு அடுத்து ஒரு புது அத்தியாயம் வருகிறது. திம்னாவைப் பிடித்து விசாரித்து, சாட்சி கேட்டு, மரண தண்டனை கொடுக்கிறார்கள். அதை இப்னுல் முகஃபாதான் சேர்த்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிற விஷயம். கோள்மூட்டியவன் தப்பிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். அவருக்கே நியாயம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. கலீஃபா மன்சூர் காலத்தில் பஸ்ராவில் கொடூரமாகக் கொன்றுவிட்டார்கள், நாற்பது வயதைத் தாண்டவில்லை.

அந்த அரபு நூலிலிருந்துதான் கதை திரும்பப் பாரசீகத்துக்கே வந்தது. கவிஞர் ருதகி (941இல் இறந்தவர்) அதைப் பாட்டாக்கினார். ஒருவரை எதிரில் உட்காரவைத்து முழு நூலையும் ருதகிக்கு வாசித்துக் காட்டினார்கள் என்று ஷா நாமாவில் வருகிறது. ருதகிக்குக் கண் தெரியாது என்பார்கள். சமஸ்கிருதத்தில் எழுதி, பஹ்லவியில் எழுதி, அரபில் எழுதி, கடைசியில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க ஒருவர் காதால் கேட்டுக் கட்டிய பாட்டு. அதிலும் சிதறிய சில வரிகள்தான் இப்போது மிச்சம்.

கேள்வி: இந்தக் கதைகளை அப்போது வரைந்துவைத்த ஓவியம் ஏதாவது உண்டா? (கொழும்பிலிருந்து ஒரு வாசகர்)

உண்டு, அதுவும் சுவர் சுவராக. தஜிகிஸ்தானில் பஞ்சகந்த் என்று ஓர் ஊர், சமர்கந்துக்குக் கிழக்கே. அங்கே இருந்தவர்கள் சோக்தியர், பாரசீகத்துக்கு உறவான ஒரு மொழி பேசிய வியாபாரிகள். அதன் அரசன் தேவாஷ்டிச்சை அரபுப் படை 722இல் பிடித்துக் கொன்றது. அதற்குப் பிறகும் ஊரில் வசதியானவர்கள் வீட்டுக்கூடத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சுமார் 740ஐச் சேர்ந்த ஒரு கூடத்தில், நீலப் பின்னணியில் சிறுத்தைத்தோல் சட்டை போட்ட ருஸ்தம் செந்நிறக் குதிரையில் போகிறார், சுருக்குக் கயிறு வீசுகிறார், பேய்களோடு சண்டை போடுகிறார். இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஊர்ச் சுவர்களின் கீழ்வரிசையில் சின்னச் சின்னச் சதுரங்களாக வேறு கதைகளும் உண்டு. முயல் பேச்சைக் கேட்டுத் தன் நிழலோடு சண்டை போடக் கிணற்றில் குதித்த சிங்கம், நமக்குத் தெரிந்த அதே சிங்கம், அங்கேயும் இருக்கிறது.

சோக்திய மொழியில் ருஸ்தம் கதை எழுதிய காகிதத் துண்டும் சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்திருக்கிறது. அதில் ருஸ்தம் களைத்துப் படுத்துத் தூங்க, பேய்ப்படை வருவதைக் கண்டு குதிரைதான் எழுப்பிவிடுகிறது. குதிரைக்குத்தான் பாதிப் பெருமை.

கேள்வி: ஆயிரத்தொரு இரவுகள் அரபுக் கதையா, பாரசீகக் கதையா? சுருக்கமாகச் சொல்லவும். (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

எலும்புக்கூடு பாரசீகம், சதை பல ஊர். 987இல் பாக்தாதில் நூல்களின் பெரிய பட்டியல் ஒன்றைத் தொகுத்த இப்னுல் நதீம், பாரசீகர்களின் 'ஹஸார் அஃப்ஸான்', அதாவது ஆயிரம் கதை, என்ற நூலைப் பற்றி எழுதுகிறார். தினம் ஒரு பெண்ணைக் கட்டி மறுநாள் கொல்லும் அரசன், கதையைப் பாதியில் நிறுத்தும் ஷஹ்ரசாத் எல்லாம் அதில் உண்டு. நமக்குத் தெரிந்த கதையில் ஷஹ்ரசாதின் தங்கையாக வரும் தீனார்சாத் மட்டும் அவருடைய குறிப்பில் தங்கையாக வரவில்லை, அரண்மனையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணாக வருகிறாள். ஆயிரம் இரவு என்று பேரே தவிர கதை இருநூறுகூடத் தேறாது என்கிறார். பலமுறை முழுதாகப் பார்த்திருக்கிறேன், உப்புச்சப்பில்லாத புத்தகம் என்றும் தீர்ப்பளித்துவிட்டார். பலமுறை பார்த்தாராம், கவனிக்கவும்!

அரபில் இந்நூலின் மிகப் பழைய துண்டு எகிப்திலிருந்து வந்து சிகாகோவில் இருக்கிறது. அந்தப் பழைய தாளை யாரோ பத்திரம் எழுதிப் பழகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலில் இருக்கும் தேதியால்தான் தாள் 879க்கு முந்தியது என்று தெரிகிறது.

கேள்வி: இந்தக் கதைகளுக்கும் தமிழுக்கும் ஏதாவது ஒட்டு உறவு? (மேலப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்)

பயில்வான் என்ற சொல்லே போதும். பாரசீகத்தில் பஹ்லவான், உருது வழியாக நம் வாய்க்கு வந்து பயில்வானாகிவிட்டது. ருஸ்தமுக்குப் பட்டமே 'ஜஹான் பஹ்லவான்', உலகப் பயில்வான். இன்னும் ஒன்று, தமிழ் முஸ்லிம் புலவர்கள் பாடிய சிற்றிலக்கியங்களில் கிஸ்ஸா, நாமா என்று வகைகள் உண்டே, அந்த நாமாவும் ஷா நாமாவின் நாமாவும் ஒரே சொல்தான்.

கேள்வி: ஷா நாமா அவ்வளவு பெரிய நூல் என்கிறீர்கள். எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்? (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

எல்லோரும் ருஸ்தம்–சொராப் என்பார்கள். நான் பீஷன்–மனீஷா என்பேன், அதன் முன்கதைக்காகவே. நிலவில்லாத கும்மிருட்டு ராத்திரி, பறவைச் சத்தம்கூட இல்லை. ஃபிர்தௌசிக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக வேறு இருக்கிறது. வீட்டில் இருக்கும் தம் அன்புத் துணையைக் கூப்பிட்டு விளக்குக் கேட்கிறார். அது மனைவிதானா என்று ஃபிர்தௌசி சொல்வதில்லை, பெயரும் சொல்வதில்லை. அந்தப் பெண் மெழுகுத்திரி கொண்டுவருகிறாள், மதுவும் மாதுளையும் நாரத்தையும் சீமை மாதுளையும் கொண்டுவருகிறாள், யாழ் வாசிக்கிறாள். பிறகு, பழைய புத்தகத்திலிருந்து ஒரு கதை படிக்கிறேன், நீ குடித்துக்கொண்டே கேள், கேட்டுவிட்டுப் பாட்டாக எழுது என்கிறாள். புத்தகம், வாய், காது, மறுபடி புத்தகம், எல்லாம் ஒரு விளக்கு வெளிச்சத்துக்குள் நடக்கிறது.

கதை இதுதான்: எதிரி நாட்டு இளவரசி மனீஷாவைக் காதலித்த பீஷனை அவள் அப்பன் ஒரு கிணற்றில் போட்டுப் பாறையால் மூடிவிடுகிறான். அவளையும் துரத்திவிட, அவள் வீடு வீடாக ரொட்டி பிச்சையெடுத்து ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே போடுகிறாள். ருஸ்தம் வியாபாரி வேஷத்தில் அந்த ஊருக்கு வந்து, வறுத்த கோழிக்குள் தன் மோதிரத்தை ஒளித்து அவளிடம் கொடுத்தனுப்புகிறார். கிணற்றுக்குள் கோழியைப் பிய்த்த பீஷன் கையில் மோதிரம் தட்டுப்பட, அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். இருட்டுக்குள்ளிருந்து வரும் அந்தச் சிரிப்பைக் கேட்டு, இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மேலே நிற்கும் மனீஷா பயந்துபோகிறாள். மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.